அசைவையும் சேர்த்துக் கணக்கிட்டது

அம்மா இறந்த பிறகு அப்பாவைத் தனியே விட மனமில்லாமல், பெங்களூரு ஆய்வகத்திலிருந்து திருவண்ணாமலை வீட்டுக்கே வந்துவிட்டேன். கருவிகள் ஆய்வகத்திலேயே இருந்தன. அவை அளந்த எண்கள் மட்டும் எனக்கு வந்தன. ஒளித்துகள்களின் குவாண்டம் நிலையைக் கணிப்பது என் வேலை. அந்த நிலையை நேரே பார்க்க முடியாது. ஒரே மாதிரி தயாரித்த துகள்களைப் பல விதமாக அளந்து, கிடைத்த எண்களிலிருந்துதான் அதை ஊகிக்க வேண்டும். அளந்து முடிவதற்குள் கருவி மெல்லப் பிசகிவிடும். பிசகிய நேரத்து எண்களையெல்லாம் நான் ஒதுக்கித் தள்ளினேன். மிஞ்சியதை வைத்து ஒன்றும் தேறவில்லை.

மாடி அறையில் நாள் முழுக்கப் பேச ஆளில்லை. என்ன வேலை என்று தெருவில் கேட்பவர்களிடம் 'கம்ப்யூட்டர்' என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

அப்பாவுக்குக் கொஞ்ச நாளாக இருந்த நடுக்கம் கூடியதும் டாக்டர் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அன்று பௌர்ணமி. ஆட்டோ பாதியில் நின்றுவிட, கிரிவலக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் அவரைக் கைபிடித்து நடத்திப் போனேன்.

ஸ்கேன் எடுக்கும் பெண்ணிடம், "இவரால ஆடாம படுக்க முடியாதுங்க, படம் கலைஞ்சிடுமே" என்றேன்.

"ரொம்ப ஜாஸ்தி ஆடினாதாங்க திரும்ப எடுக்கணும். கொஞ்சம்னா, தலை எவ்ளோ நகர்ந்துச்சுன்னு கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சு படத்தை சரி பண்ணிடும்."

வெளியே காத்திருந்தபோது அந்தப் பதிலையே நினைத்துக்கொண்டிருந்தேன். அசைந்ததை அவர்கள் எறிவதில்லை. அசைவையும் ஒரு விடையாகத் தேடுகிறார்கள். நானும் நிலையையும் பிசகையும் சேர்த்தே தேடலாமே?

மூன்று வாரம் ஆனது. விடை தெரிந்த போலி எண்களில் முதலில் சோதித்தேன். பிறகு, ஒதுக்கிய எண்களையும் சேர்த்து ஆய்வக அளவீடுகளில் ஓட்டினேன். கணக்கில் சேர்க்காமல் தனியே வைத்திருந்த அளவீடுகளோடு விடை பொருந்தியது. மறுபடி ஓட்டினேன். பொருந்தியது.

என் பேராசிரியரை அழைத்தேன், எடுக்கவில்லை. முடிவை மின்னஞ்சலில் அனுப்பிவைத்தேன். வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் கீழே இறங்கினேன். அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ரொம்ப நாளா இழுத்துட்டிருந்த கணக்கு இன்னிக்கு வந்துடுச்சுப்பா."

அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். "அப்ப கிளம்பிடுவியா?"

"இல்லப்பா, இன்னும் வேலை இருக்கு" என்றேன்.

தலையாட்டினார். காலை மடக்கி எனக்கு இடம் விட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கதை தெரியாத அந்தத் தொடரை முடியும்வரை பார்த்தேன்.

பேராசிரியரின் பதில் இரண்டு நாள் கழித்து வந்தது: நன்றாக இருக்கிறது, கட்டுரையாக எழுது. மாடிக்குப் போய் எழுத ஆரம்பித்தேன்.