ஆதாரம்: எலியாசெர் பெலோனியோ

ரோவெலின் பெலோனியோவின் முதல் கட்டுரை திரும்பி வந்தபோது அதில் பிழை என்று எதுவும் சுழிக்கப்படவில்லை. ஓரத்தில் ஏழு இடங்களில் சிவப்பு மையில் ஒரே கேள்விதான் இருந்தது: சொன்னது யார்?

இலோய்லோ நகரத்தில் பல்கலைக்கழக முதலாண்டு அவளுக்கு. ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதப் பழக்கும் பாடம் எல்லோருக்கும் கட்டாயம். அதில் தேறாவிட்டால், ஊர் மேயர் அலுவலகம் கொடுக்கும் உதவித்தொகை நின்றுவிடும். சொந்த ஊரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பினாவோவின் கரையைக் கடல் ஏன் தின்கிறது என்று எழுதினாள். ஐந்து வருடத்தில் இரண்டு வரிசை வீடுகளும் தேவாலயத்துப் படிக்கட்டும் போய்விட்டன. ஆற்றுமுகத்தில் கறுப்பு மணல் அள்ளும் லாரிகள் மட்டும் நிற்கவில்லை.

எழுதியதெல்லாம் ஊரில் பேசுகிற மாதிரிதான். பினாவோவில் யாரும் எதையும் தன் வாயால் சொன்னதாக வைத்துக்கொள்வதில்லை. அள்ளுகிறார்களாம், அள்ள அனுமதித்த எல்லையைத் தாண்டுகிறார்களாம், எல்லைக் கம்பத்தைப் பிடுங்கித் தள்ளி நட்டார்களாம். பேச்சு அப்படி நடக்கும்வரை அதற்குச் சொந்தக்காரர் கிடையாது. குழந்தைகூட அங்கே அப்படித்தான் பேசக் கற்றுக்கொள்கிறது.

அந்தப் பாடத்தை நடத்தும் மாம் சொலிடும் நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். நல்ல ஆசிரியை. கட்டுரையை மேலே தூக்கிக் காட்டினார்.

“வெலின், உன் இங்கிலீஷ்ல குறை இல்ல. ஆனா இதுல ஆளே இல்லையே. எல்லைக் கம்பத்தை நகர்த்துனாங்களாம். பார்த்தது யாரு? காத்தா?”

“கடல்கன்னி பார்த்தாளாம், மாம்!” என்று பின்வரிசையிலிருந்து கெம்பெர்ட் குரல் கொடுத்தான். வகுப்பு சிரித்தது. வெலினும் சிரித்து வைத்தாள்.

இரண்டாம் முறை ‘ஊர் மக்கள் கூறுகின்றனர்’ என்று மாற்றினாள். அதுவும் திரும்பி வந்தது.

“எத்தனை மக்கள்? பேர் என்ன? என்னைக்குச் சொன்னாங்க? பேர் இல்லாத பேச்சு இங்க செல்லாதும்மா. ஒரே ஒரு ஆளு போதும். பார்த்தவரா இருக்கணும்.”

பார்த்தவர் ஒருவர் அவளுக்குத் தெரியும். அப்பாவின் தம்பி எலியாசெர். அவளுக்குத் தியோ எலி. அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு அவளை வளர்த்தவர் அவர்தான். அதே மணல் கம்பெனியில் லாரி ஓட்டுகிறார்.

அந்தச் சனிக்கிழமை நான்கு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்தாள். தியோ மதியச் சாப்பாட்டில் இருந்தார். கருவாடும் முருங்கைக்கீரைச் சாறும். அவள் கேட்டதும் சாப்பிட்டபடியே பேச ஆரம்பித்தார்.

“போன மாசம் கம்பத்தைப் பிடுங்கி அம்பது அடி கடல் பக்கமா நட்டாங்களாம்.”

“அதென்ன நட்டாங்களாம்? நட்டது நீங்கதானே தியோ?”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “நட்டது என் கை. சொன்னது ஊரு. அப்படித்தான், இன்டாய் கண்ணு, இத்தனை வருஷம் கை கால் எல்லாம் இருந்த எடத்துல இருக்கு.”

“உங்க பேரைப் போடணுமாம். இல்லன்னா தேற மாட்டேன்.”

அவர் சோற்றைப் பிசைந்தார்.

“யாரு படிப்பா?”

“மாம் மட்டும்தான்.”

“இங்கிலீஷ்லயா?”

“இங்கிலீஷ்லதான்.”

“அப்ப போடு. இங்க எவன் அவ்வளவு இங்கிலீஷ் படிப்பான்? படிக்கப் போனா மூக்குலருந்து ரத்தம் கொட்டும்.”

போட்டாள். எலியாசெர் பெலோனியோ, லாரி ஓட்டுநர், பினாவோ, நேரில் அளித்த பேட்டி, தேதி. கம்பத்தை எத்தனை முறை, யார் சொல்லி நகர்த்தினார் என்பதெல்லாம் அவர் வாய்மொழியாகவே மேற்கோள் குறிக்குள் போயிற்று. கட்டுரைக்கு ‘உனோ’ கிடைத்தது. அதற்கு மேல் மதிப்பெண் கிடையாது. கீழே மாம் எழுதியிருந்தார்: இப்போது நம்புகிறேன்.

கட்டுரை அதோடு அலமாரியில் உறங்கியிருக்க வேண்டியது. ஆனால் உதவித்தொகையைப் புதுப்பிக்க மேயர் அலுவலகம் மூன்று காகிதங்கள் கேட்கும். மதிப்பெண் தாள், நன்னடத்தைச் சான்று, ஆசிரியர் திருத்திய எழுத்துப் பணி ஒன்று. வெலினிடம் உனோ வாங்கிய காகிதம் ஒன்றே ஒன்றுதான். நல்ல சட்டை ஒன்றுதான் இருந்தால் விருந்துக்கு அதைத்தானே போட்டுக்கொண்டு போவோம். அவளும் அப்படித்தான் அதைக் கோப்பில் வைத்தாள்.

அங்கே கோப்பை வாங்கி முத்திரை குத்தியவர் அலுவலக எழுத்தர் மனாங் நெனெத், ஊருக்கே அக்கா. “அடி ஆத்தீ, உனோவா! மேயர்கிட்டக் காட்டுறேன் பாரு. நம்ம ஊர்ப் புள்ள எழுதுன இங்கிலீஷ்னு.”

வெலினுக்கு அப்போது முகமெல்லாம் மலர்ச்சி. மனாங்கின் தலைக்கு மேல் தொங்கிய படத்தில் மேயரும் அவர் மைத்துனரும் கைகோத்து நின்றார்கள். மைத்துனரின் பெயர் தியோ ஓட்டும் லாரிக் கதவிலும் இருக்கிறது. சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகிய படம். பழகியதாலேயே அது கண்ணில் படவில்லை.

எட்டாம் வாரத்துப் பாடம் பேட்டி கொடுத்தவரைக் காப்பது பற்றி. மாம் சொலிடும் கரும்பலகையில் எழுதியபடியே சொன்னார்: “சொன்னவருக்கு ஆபத்து வரும்னு தோணினா பேரை எடுத்துடலாம். பேருக்குப் பதிலா ஒரு எழுத்துப் போட்டா போதும். அதையும் ஆதாரமா ஏத்துக்குவோம்.”

வெலினின் கை தானாக மேலே போயிற்று.

“மாம், அஞ்சாவது வாரத்துல குடுத்ததுல இப்ப மாத்தலாமா?”

“தாராளமா. கட்டுரை உன்கிட்டதானே இருக்கு?”

“மேயர் ஆபீஸ்ல குடுத்துட்டேன்.”

மாம் திரும்பினார். சுண்ணக்கட்டி கையிலேயே நின்றது. “இப்பவே கெளம்பு” என்றார். மெல்லத்தான் சொன்னார், முன்வரிசைக்கு மட்டும் கேட்டது.

பகல் இரண்டு மணிக்கு வெலின் ஊரில், மேயர் அலுவலகம் இருந்த நகராட்சிக் கட்டடத்தில் நின்றாள். மற்ற மாணவர்களின் கட்டுரைகள் மேசைமேல் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அவளுடையது இல்லை.

“உன்னது மாடிக்குப் போயிருச்சே” என்றார் மனாங் நெனெத்.

“திரும்ப வேணும் மனாங். ஒரு திருத்தம் இருக்கு.”

“திருத்தம் எதுக்கு? மேயர் ரெண்டு தரம் படிச்சாராம். நாலு வருஷத்துக்கும் சேத்து உனக்குக் கையெழுத்துப் போட்டாச்சு, தெரியுமா?” மனாங் ஒரு கடிதத்தை நீட்டினார். கொடுத்ததும் கையை இழுத்துக்கொண்டார். குரல் இறங்கியது. “உன் தியோவைப் பத்திக் கேட்டாங்க. நான் என்னத்த இன்டாய் சொல்லட்டும்? எல்லாம் அதுலயே இருக்கே. தேதி உட்பட.”

கடிதத்தில் வாழ்த்து இருந்தது. கையெழுத்தில் மை இன்னும் பளபளத்தது.

வீட்டில் தியோ எலி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. அன்று வியாழன்.

“நாளைக்குக் காலையில வரச் சொல்லியிருக்காங்க. சும்மா பேசத்தானாம்.” அவர் தலையைத் தூக்கவில்லை. “நீ எழுதுனதைப் படிச்சுக் காட்டு. இங்கிலீஷ்ல வேணாம், நம்ம பேச்சுல சொல்லு.”

தன்னிடம் இருந்த நகலை எடுத்து வரிவரியாகச் சொன்னாள். தியோ இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார். ஓரிடத்தில் கூட மறுக்கவில்லை.

“அத்தனையும் நான் சொன்னதுதான். ஒண்ணும் கூட்டல.”

“போகாதீங்க தியோ. சாயங்காலம் படகு இருக்கு. கீமாராஸ் தீவுக்குப் போயிருங்க.”

“ஓடினா எல்லாம் நெசம்னு ஆயிரும்.”

“நெசம்தானே தியோ!”

“அதான் இன்டாய்” என்றார். சட்டையை உதறி ஆணியில் மாட்டினார்.

வெள்ளி காலை ஏழு மணிக்கு வீட்டு முன்னால் ஒரு வண்டி வந்து நின்றது. தானும் வருவதாக வெலின் செருப்பை மாட்டினாள். ஓட்டிவந்தவன் சிரித்த முகமாக, “இடம் இல்ல தங்கச்சி” என்றான். பின் இருக்கை முழுவதும் காலியாகத்தான் இருந்தது.

நண்பகலில் நகராட்சிக் கட்டடத்துக்குப் போனாள். அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். மனாங் நெனெத் அன்று விடுப்பு. காவல் நிலையத்தில் பெயர் எழுதிக்கொண்டு, காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தாள். சனிக்கிழமையும் போய்க் காத்திருந்தாள். அங்கே எழுதிய காகிதத்தைப் பற்றி இரண்டாம் நாள் யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது ஊரே ஒரே செய்தி பேசியது. எலியாசெருக்குப் பலாவான் தீவில் நல்ல வேலை கிடைத்ததாம். படகேறிப் போய்விட்டானாம்.

வீட்டில் அவருடைய சவரக்கத்தியும் ஓட்டுநர் உரிமமும் ஒரே பையும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆற்றுமுகத்தில் அவர் லாரியை வேறொருவன் ஓட்டினான்.

வெலின் பெட்டிக்கடைக்குப் போனாள்.

“பலாவான்னு சொன்னது யாரு?”

“பேசிக்கிட்டாங்க.”

“யாரு?”

கடைக்காரி கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். “எனக்குத் தெரியாது இன்டாய். மீன்காரங்க சொன்னாங்களாம்.”

மீன்காரர்களைக் கேட்டாள். தேவாலயத்தில் காதில் விழுந்தது என்றார்கள். தேவாலயத்தில் கேட்டாள். லாரிக்காரர்கள் என்றார்கள். வீடு வீடாக ஏறி இறங்கினாள். படகை எவரும் பார்த்திருக்கவில்லை. ஏறியதை எவரும் பார்த்திருக்கவில்லை. எல்லாக் கதவிலும் அவளிடம் அந்த ஒரே கேள்விதான் இருந்தது. கதவுகள், அவள் அதைக் கேட்டு முடிப்பதற்குள்ளாகவே, ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே போயின.