தன் மூக்கில் ஒரு வெள்ளோட்டம்

தருவைகுளம் ஃபிராங்க்ளின் கடலடியில் சங்கு எடுப்பவர். காற்றுக் குழாயை முதலில் தன் வாயில் வைத்துப் பார்க்காமல் கூட்டாளியிடம் கொடுக்கமாட்டார். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது.

மகள் ஷெர்லினுக்கு வலிப்பு உண்டு. அதனாலேயே அவளைக் கல்லூரி விடுதிக்கு அனுப்பமாட்டேன் என்று நின்றாள் தாய் கிளாடிஸ். வலிப்பு வந்தால் மூக்கில் அடிக்க டாக்டர் ஒரு ஸ்பிரே கொடுத்தார். மருந்து அந்த வழியாக மூளைக்குப் போய்விடுமாம். ஃபிராங்க்ளின் அதை முதலில் தன் மூக்கில் அடித்தார். உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி, சோறு ஆறிய பிறகுதான் எழுந்தார்.

"புள்ள மருந்த அடிச்சிட்டு அப்பன் குறட்டை விடுதாரு!" என்று கத்தினாள் கிளாடிஸ்.

"சும்மா இரிளா. மருந்து மண்டைக்குப் போவுது. நானே பாத்துட்டேன்."

டாக்டர் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு இன்னொரு ஸ்பிரே எழுதிக் கொடுத்தார்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் ஷெர்லின் விழுந்தாள். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று ஊரே சாவிக்கொத்தோடு ஓடிவந்தது. ஒருவர் படகு நங்கூரத்தையே தூக்கி வந்தார்.

"அண்ணாச்சி, இதக் கையில குடுங்க!"

"அத அங்கன போடுலே!"

ஃபிராங்க்ளின் மகளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, சட்டைப் பையிலிருந்த ஸ்பிரேயை மூக்கில் அடித்தார். சில நிமிடங்களில் உதறல் அடங்கியது.

மறுவாரம் விடுதிப் பையில் ஸ்பிரேயை வைத்தவள் கிளாடிஸ்தான்.

"கூட இருக்க புள்ளைகளுக்குச் சொல்லிக் குடு. ஆனா ஒங்கப்பா மாதிரி எவளும் அடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு சொல்லு."