அண்டாவின் கழுத்தில் என் பேர்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் திருவண்ணாமலையில் ஊருக்கே சமைக்க அண்டா வேண்டுமென்றால் என் வாடகைப் பாத்திரக் கடையைத்தான் கேட்டு வருவார்கள். என்னை யாரும் தூக்கிவிடவில்லை, நானே எழுந்தேன். சைவத்துக்குத் தனி அண்டா, பிரியாணிக்குத் தனி அண்டா. சைவ அண்டாவின் விளிம்பில் பச்சைப் பெயிண்ட் இருக்கும். யாரும் சொல்லி நான் அதைச் செய்யவில்லை. எல்லா அண்டாவின் கழுத்திலும் என் பேர், தமிழில், உளியால் வெட்டியிருக்கும்.

அந்தப் பேர்தான் இப்போது எல்லோர் கண்ணையும் உறுத்துகிறது.

போன மாதம் ஒரு நிக்காஹ் வீடு, உருது பேசுகிறவர்கள். பிரியாணி அண்டாவை இறக்கும்போதே மாப்பிள்ளையின் மாமா பேரைத் தடவிப் பார்த்தார்.

"என்ன பாய், தமிழ்ல வெட்டி வெச்சிருக்கீங்க? உருது வராதா?"

"வராதுங்க. எங்க வீட்ல தமிழ்தான்."

"அப்ப பாதி முஸல்மான்னு சொல்லுங்க."

கூட நின்றவர்களும் சிரித்தார்கள். ஐந்து வேளை தொழுகிறவன் நான். எந்தப் பாதியை அவருக்கு வெட்டிக் காட்டுவது?

அந்தச் சூடு ஆறுவதற்குள் பௌர்ணமி நெருங்கியது. அடி அண்ணாமலையில் அன்னதானம் போடும் குழு வருடக்கணக்காக என்னிடம்தான் அண்டா எடுக்கிறது. இந்த முறை குழுவில் புதிதாகச் சேர்ந்த உள்ளூர்க்காரன் ஒருத்தன் கடைக்கு வந்தான்.

"அண்டா நல்லாத்தான் இருக்கு பாய். பேரு மட்டும் தெரியாம இருந்தா நல்லாருக்கும். சாப்பிடறவங்க ஒரு மாதிரி நினைப்பாங்க."

"உங்க அப்பா கல்யாணத்துக்கே என் அண்டாவுலதான்டா சாம்பார் வெச்சாங்க! பேரோட எடுத்தா எடு, இல்லன்னா நடையைக் கட்டு."

போய்விட்டான். அவன் பின்னாலேயே என் மகன் போய்ப் பேசியது எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்துக் குழு அண்டாக்களை எடுத்துப்போனது; பேரோடுதான் எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பௌர்ணமியன்று அன்னதானப் பந்தலுக்குப் போனேன். என் அண்டாக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் மஞ்சள் துணி, பூஜைக்குக் கட்டினது போல அழகாக. என் பேர் உள்ளே.

"யாருய்யா கட்டுனது?"

என் வயசுக்காரரான சமையல்காரர் தலையைச் சொறிந்தார். "உங்க பையன்தான் பாய். நீங்களே சொல்லி அனுப்புனதா சொன்னாரு."

ஒவ்வொரு துணியாகப் பிடித்து இழுத்து வீசினேன். "சோறு வாங்குறவங்க எல்லாரும் படிக்கட்டும்!" என்று கத்தினேன். வரிசையில் தட்டோடு நின்ற ஒரு அம்மா, "படிக்கிறது இருக்கட்டும், சீக்கிரம் போடச் சொல்லுப்பா. இன்னும் பாதி கிரிவலம் பாக்கி கிடக்கு" என்றாள்.

வீட்டுக்கு வந்து மகனைக் கேட்டேன்.

"எதுக்கு அத்தா ஊர் வம்பு? தொழில் நடந்தா போதாதா?"

"பேரை மறைச்சிட்டு நடத்துறது தொழிலாடா? அப்படியே உன் மூஞ்சியிலயும் ஒரு துணியைச் சுத்திக்கிட்டுப் போ."

மறுநாளே பேர் வெட்டுகிறவரைக் கூப்பிட்டேன். எல்லா அண்டாவிலும் என் பேருக்குக் கீழே மகன் பேரையும் வெட்டச் சொன்னேன். தமிழில், என் பேரைவிடப் பெரிதாக. அவன் கடைக்குள்ளே உட்கார்ந்து அந்த உளிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கேட்கட்டும். அடுத்த பௌர்ணமிக்கு அவனே கொண்டுபோய் இறக்கட்டும்.