வேட்டுக்கு அசையாத செவலை

வெந்நீரில் மடி கழுவும்போது ஒரு வாசனை எழும்... சாணமும் வைக்கோலும் பாலும் கலந்தது. சிவகாசிப் பக்கம் எங்கள் தாயில்பட்டியில் அதோடு வெடிமருந்து வாசனையும் சேர்ந்துகொள்ளும்.

நேற்று பால் பாக்கெட்டை வெட்டும்போது ஏனோ அது நினைவுக்கு வந்துவிட்டது. உங்களிடமாவது சொல்லலாம் என்று உட்கார்ந்தேன்.

கல்யாணமாகி வந்த புதிது. வீட்டுக்காரர் பட்டாசு லோடு லாரி ஓட்டினார். சீசனில் கிளம்பினால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. வீட்டில் நானும் இரண்டு பசுக்களும் ஒரு கிடேரிக் கன்றும்தான்.

செவலை பல ஈற்று கண்ட கிழவி. பால் சுமார்தான். அந்தக் கன்று அதனுடையது. இன்னொன்று புதிதாக வாங்கிய கலப்பினம், கறுப்பி. வாளி நிறையக் கறக்கும்... வேட்டுச் சத்தம் கேட்காதவரை!

நான் பால் பீய்ச்சும் சாயங்கால நேரத்தில்தான் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிப் பொட்டலில் சாம்பிள் வெடி போட்டுப் பார்ப்பார்கள். ஒரு வெடி போதும். கறுப்பி வாளியை உதைத்துவிட்டு, பாலை மடியிலேயே அடக்கிக்கொள்ளும். செவலையோ நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டு நிற்கும்.

அதனிடம் ஒரே குறை, கூப்பிட்டால் திரும்பாது. திமிர் பிடித்தது என்று வைவேன். ஆனால் எனக்குப் பேச வேறு யார் இருந்தார்கள்? அதன் வயிற்றில் தலையைச் சாய்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்வேன். அம்மா வீட்டு ஏக்கம்... தங்காமல் போன முதல் பிள்ளை... அதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. வைக்கோல் கிடைக்கவில்லை. ஒரு மாட்டைக் கழித்தே ஆகவேண்டும்.

மாட்டு டாக்டர் யோசிக்கவே இல்லை. "கிழட்டு மாட்ட அனுப்பிருங்கம்மா. கறுப்பி நல்ல வர்க்கம். அது கன்னும் நல்லாக் கறக்கும்."

"எம்புட்டுக் கறந்து என்ன சார், வெடி போட்டா உதைக்குதே! நம்ம ஊருக்கு வேட்டுக்குப் பயப்படாத வர்க்கந்தான வேணும்? தாயப் போல பிள்ள. செவல கன்னும் அசையாம நிக்கும், பாத்துக்கிட்டே இருங்க."

வாதத்தில் ஜெயித்துவிட்டேன். ஆனால் மனசுக்குள் இருந்தது வேறு. செவலையும் போய்விட்டால் யாரிடம் பேசுவேன் என்ற பயம்தான். கறுப்பி தேனிப் பக்கம் போனது.

கிடேரி வளர்ந்து தலை ஈற்று ஈன்றது. சின்னதில் அது வெடிக்குத் துள்ளியதையெல்லாம் கன்றுக்குட்டி விளையாட்டு என்றே நினைத்திருந்தோம். முதல்நாள் சாயங்காலம் கறக்க உட்கார்ந்தேன். ஒரு வெடி... வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்!

கன்றைப் பார்க்க வந்த டாக்டரிடம் அங்கலாய்த்தேன். அவர் செவலைக்குப் பின்னால் போய் நின்று, செம்பை எடுத்து வாளியில் ஓங்கித் தட்டினார். கிடேரி கயிற்றை அறுப்பதுபோல் மிரண்டது. செவலையின் காதுமடல்கூட ஆடவில்லை.

"தைரியமெல்லாம் இல்லம்மா... இதுக்குக் காது கேக்கல."

லோடு இறக்கிவிட்டு வந்த வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏ புள்ள, இம்புட்டு நாளும் செவிடன் காதுல சங்கு ஊதிருக்க! இப்பவாவது அனுப்பிருவமா?"

"அது இங்கனயே கெடக்கட்டும். நீங்க போயிச் சாப்பிடுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொழுவத்தில் போய் நின்று அழுதேன். சொன்னதில் ஒரு சொல்கூட அதற்குப் போய்ச் சேரவில்லையே...

மறுநாள் கறக்க உட்கார்ந்தால், வாய் தானாகப் பேச ஆரம்பித்துவிட்டது. பால் வற்றிய பிறகும் கடைசிவரை அதை வைத்திருந்தோம். வாளி இல்லாமலே போய் உட்காருவேன்.

இப்போது சிவகாசி டவுனில் வீடு. அவரும் போய்விட்டார். மகன் பெங்களூரில். தினமும் வீடியோ காலில் வருவான், நல்ல பிள்ளை. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே "ம்... சொல்லும்மா, கேக்குது" என்பான். பாதியில் ஒரு மீட்டிங் வந்துவிடும்.

செவலைக்கு எதுவும் கேட்காது. ஆனாலும் நான் சொல்லி முடிக்கும்வரை நகராமல் நிற்கும்.

நேற்றும் பாதியில் வைத்துவிட்டான். பாக்கெட் பாலை அடுப்பில் ஏற்றி, அது பொங்கும்வரை பக்கத்திலேயே நின்று மீதியைச் சொல்லி முடித்தேன்.