பூதக்கண்ணாடி அம்மாவின் குறிப்புக் கோப்பு

நான் முப்பத்தொரு வருடம் ஒரு பொது நூலகத்தில் வருகைப் பதிவேடு எழுதினேன். யார், எந்த மேசை, வந்த நேரம், போன நேரம். நான்கு பத்திகள்தான். ஐந்தாம் மேசைக்குக் காலையில் வரும் ஓர் அம்மாவைப் பற்றிய வரிகள் அதில் நானூறுக்கு மேல் இருக்கின்றன. எல்லா வரியும் ஒன்றுபோலவே இருக்கும். அவரைப் பற்றி எழுத வேண்டியதை அந்த நான்கு பத்திகளுக்குள் அடக்க முடியவில்லை.

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே, ஒரு தாள்? யாரும் படிக்காமல் தூக்கி எறிகிற தாள். அதைப் பிழை பார்ப்பதுதான் அவர் தொழில். அச்சகம் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பும். எறும்பு ஊர்ந்தது மாதிரி எழுத்து. திரையில் பெரிதாக்கிப் பார்த்தாலும் போதாமல், கைப்பிடி வைத்த பூதக்கண்ணாடி ஒன்றைத் திரைக்கு முன்னால் பிடித்துக்கொள்வார். நூலகத்தைப் பெருக்கும் அக்கா அவருக்கு வைத்த பெயரும் அதுதான். "பூதக்கண்ணாடி வந்தாச்சா சார்?" என்று கேட்பாள். அந்த அம்மாவுக்கு டயர் கடைக்கு மேலே மாடியில் ஒற்றை அறை. கணவர் பிரிந்துபோய்ப் பதினோரு வருடம். ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டிலிருந்து அவருடைய அக்கா போனில் பேசுவார். மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு நாள் இதையெல்லாம் அவரே சொன்னார். 

வீட்டுக் கணினி பழுதாகிப் பிப்ரவரி 4 அன்று முதல்முறையாக நூலகத்துக்கு வந்தார். வாசகர்களுக்கென்று இருந்தது ஐந்தாம் மேசையில் ஒரே கணினி, லினக்ஸ் போட்ட பழைய பெட்டி. யார் வந்தாலும் 'வாசகர்' என்ற ஒரே பெயரில்தான் உள்ளே போக வேண்டும். கைப்பேசி வந்த பிறகு அதைத் தேடி வந்தவர்கள் இரண்டே பேர். காலை ஒன்பதேகாலிலிருந்து பன்னிரண்டரை வரை இந்த அம்மா. மாலை மூன்றிலிருந்து ஐந்து வரை ஒரு லிஃப்ட் மெக்கானிக். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

பிப்ரவரி 21 அன்று அந்த அம்மா என் மேசைக்கு வந்தார்.

"சார், யாரோ என் கம்ப்யூட்டர்ல கை வைக்கிறாங்க."

"அது உங்க கம்ப்யூட்டர் இல்லம்மா. பொதுக் கம்ப்யூட்டர்."

"சரி, பொதுக் கம்ப்யூட்டர். நான் பிடிஎஃப்பைத் தொட்டா, ஓரத்துல குறிப்பு எழுதுற செயலி திறக்கணும். அதுலதான் பிழை குறிக்க முடியும். நேத்து அப்படி வெச்சிட்டுத்தான் போனேன். இன்னிக்கு வேற எதுலயோ திறக்குது. ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காய் அளவு. பக்கத்துக்கு நாலே வார்த்தை."

விஷயம் இதுதான். எந்த வகைக் கோப்பை எந்தச் செயலி திறக்க வேண்டும் என்று அந்தக் கணினியில் ஒரு பட்டியல் உண்டு. நாம் மாற்றி வைத்தால் பயனர் பெயரோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். இங்கே பெயர் ஒன்று, ஆள் இரண்டு. அதனால் ஒருவர் வைத்துவிட்டுப் போவது அடுத்தவர் தலையில் விடிந்தது.

"புகார் புத்தகம் இருக்கு. எழுதிக் கொடுங்க" என்றேன். எழுதினார். பதினேழாம் எண். அன்றே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

மெக்கானிக்கும் சும்மா இருக்கவில்லை. வெல்டிங் பொறி பட்டுப் பட்டு அவருக்குக் கண் மங்கியிருந்தது. பழைய லிஃப்ட்டுகளின் மின்கம்பி வரைபடங்களைப் பெரிய எழுத்தில் வைத்தால்தான் அவரால் படிக்க முடியும்.

"காலையில ஒரு புண்ணியவான் வர்றாரு போல. எறும்புக்குப் பாடம் நடத்துற அளவுல வெச்சிட்டுப் போறாரு சார்."

"புகார் எழுதுறீங்களா?"

"இதுக்குப் போயா? நானே பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். மார்ச் முழுவதும் பிடிஎஃப் காலையில் ஒரு செயலிக்கும் மாலையில் இன்னொரு செயலிக்கும் மாறிக்கொண்டிருந்தது. மாத முடிவில் அந்த அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. கிளம்பும்போது, படக் கோப்புகள் எல்லாம் வெறும் எழுத்தை மட்டும் காட்டும் எழுத்துத் திருத்தியில் திறக்கும்படி வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் மெக்கானிக் ஒரு படத்தைத் தொட்டார். திரை முழுக்கக் கிறுக்கல் கொட்டியது. கோபப்படுவார் என்று நினைத்தேன். தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் காலை 9.40க்கு அந்த அம்மா சிரித்தார். 'அமைதி காக்கவும்' என்ற பலகை அவர் தலைக்கு மேலேயே தொங்கியது. எழுந்து போய்ப் பார்த்தேன். குறிப்பு எழுதும் சாதாரண எழுத்துக் கோப்பைத் திறந்தால், கட்டம் போட்ட விரிதாள் வந்து, "எதை வைத்துப் பிரிக்கட்டும்? காற்புள்ளியா, இடைவெளியா?" என்று கேட்டுக்கொண்டு நின்றது.

"பாத்தீங்களா சார் இந்த ஆளோட குசும்பை?" என்றார். பெருக்கும் அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, "புருஷன் பொண்டாட்டி சண்டை மாதிரியில்ல இருக்கு. நடுவுல கம்ப்யூட்டர் புள்ள மாதிரி முழிக்குது" என்றாள். அந்த அம்மா முகத்தைத் திரைக்குத் திருப்பிக்கொண்டார். ஆனால் காது வரைக்கும் சிரிப்பு இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு முறை உருவானது. யாரும் பேசி வைத்துக்கொண்டது அல்ல. ஒருவர் ஒரு நாளைக்கு ஒரு குறும்புதான் செய்யலாம். முந்தின நாள் குறும்பைத் திரும்பச் செய்யக் கூடாது. ஒரு நாள் பாட்டுக் கோப்பு, ஒரு நாள் சுருக்கிக் கட்டிய ஜிப் கோப்பு, ஒரு நாள் படம் எல்லாம் இணைய உலாவியில். மே மாதத்தில் இன்னொன்றைக் கவனித்தேன். அந்த அம்மா கிளம்பும் முன் பிடிஎஃப்பை மட்டும் பெரிய எழுத்துச் செயலிக்கு மாற்றி வைத்துவிட்டுப் போனார். மாலையில் மெக்கானிக் கிளம்பும் முன் அதைக் குறிப்புச் செயலிக்கு மாற்றி வைத்தார். அடுத்தவருக்கு இலை போட்டு வைப்பது மாதிரி. குறும்பு தனி, அது தனி.

பதிவேட்டில் இதற்கெல்லாம் சான்று ஒன்றுதான் உண்டு. ஏப்ரல் 8லிருந்து அந்த அம்மா வந்த நேரம் 9.15 அல்ல, 9.00. கதவைத் திறக்கும்போதே நிற்பார். முதல் கால் மணி நேரம் வேலையைத் தொடமாட்டார். ஒவ்வொரு வகைக் கோப்பாகத் தொட்டுத் தொட்டு, இன்றைக்கு எது மாறியிருக்கிறது என்று தேடுவார்.

"ஒரு நாள் முழுக்க என்கிட்ட யாரும் பேசலைன்னாலும், இது ஒண்ணு இருக்கு சார்" என்றார் ஒரு தடவை. நான் தலையாட்டினேன். யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். பதிவேட்டிலுள்ள விவரத்தை வாசகருக்குச் சொல்லக் கூடாது என்பது விதி.

ஜூலை 14, திங்கள், நூலகத்தின் வார விடுமுறை நாள். தலைமை அலுவலகத்திலிருந்து கம்ப்யூட்டர்காரர் வந்தார். கையில் பதினேழாம் எண் புகார். நூற்று நாற்பத்து மூன்று நாள் கழித்து வந்திருந்தது. அவர் கெட்டிக்காரர். அரை மணி நேரத்தில் 'காலை', 'மாலை' என்று இரண்டு பயனர் பெயர் உண்டாக்கினார். பழைய அமைப்பை அப்படியே இரண்டுக்கும் நகல் எடுத்தார். கடவுச்சொல்லைத் தனித்தனிச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். "இனிமே ஒருத்தர் வெச்சது ஒருத்தருக்குத் தெரியவே தெரியாது சார். தலைவலி விட்டுச்சு." புகார் தீர்ந்தது என்று கையெழுத்துப் போட்டேன். வந்த புகார் தீர வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு நினைப்பு இல்லை.

செவ்வாய் மாலை மெக்கானிக் சீட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். காலையில் யாரும் எதையும் தொட்டதற்கு அடையாளம் இல்லை. இருபது நிமிடத்தில் எழுந்து வந்தார்.

"யாரு சார் இதைச் சரி பண்ணச் சொன்னது? நல்லாத்தானே இருந்துச்சு."

"புகார் வந்தது."

"காலை ஆளா?"

"சொல்லக் கூடாதுங்க."

சீட்டை என் மேசையில் திருப்பி வைத்தார். "லிஃப்ட்டுல ஏறுறவங்க யாரும் என் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க சார். நம்பரைத்தான் பாப்பாங்க. இந்த ஒரு ஆளுதான்... சரி, தொந்தரவாயிடுச்சு போல. விடுங்க."

புகார் பிப்ரவரியில் எழுதியது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். தேதியைச் சொல்ல விதியில் தடை இல்லை. வாழ்நாள் முழுக்கத் தேதி எழுதியவன், அந்த ஒரு தேதியை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றுவதற்குள் அவர் படி இறங்கிப் போய்விட்டார்.

அந்த அம்மாவுக்கு விளங்க மூன்று நாள் ஆனது. இரண்டு பெயர் வந்ததைப் பார்த்தார், ஆனால் பட்டியலும் பிரிந்துவிட்டது என்று நினைக்கவில்லை. அவர் வைத்தது வைத்தபடியே இருந்தது. வெள்ளிக்கிழமை என் மேசைக்கு வந்தார்.

"சார், அவங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

விளக்கினேன். நீங்கள் வைப்பது அங்கே போகாது, அங்கே வைப்பது இங்கே வராது என்றேன்.

"யாரு இப்படிப் பண்ணச் சொன்னது?"

அவர் எழுதியதை அவருக்குக் காட்டுவதில் தடை இல்லை. புகார் புத்தகத்தைத் திருப்பி வைத்தேன். 'தினமும் யாரோ மாற்றிவிடுகிறார்கள். இதை நிறுத்த ஆவன செய்யவும்.' பூதக்கண்ணாடி இல்லாமலே படித்தார். இரண்டு தரம் படித்தார்.

"இதை வாபஸ் வாங்க முடியுமா சார்?"

"தீர்ந்த புகாரை வாபஸ் வாங்க வழியில்லம்மா."

"மாலைக் கடவுச்சொல்லைக் கொடுங்க. ஒரே ஒரு தடவை. உள்ள போய் ஒரு படத்தை மட்டும் கோணலா வெச்சிட்டு வந்துடறேன். அவங்களுக்குப் புரிஞ்சிடும்."

"அது முடியாதும்மா."

"ஆமா. நீங்க எப்படிக் கொடுப்பீங்க." கோபமாகச் சொல்லவில்லை. "அவங்க வர்றாங்களான்னாவது சொல்லுங்க."

விதியை ஒரு முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னேன். "செவ்வாய்க்கிழமை வந்தாங்க. இருபது நிமிஷம். அதுக்கப்புறம் வரல."

அடுத்த வாரமும் வரவில்லை, அடுத்த மாதமும் இல்லை. 'மாலை' சீட்டு என் இழுப்பறையிலேயே கிடந்தது. வேலை மாற்றலா, கண் மோசமாகிவிட்டதா, வருத்தமா, எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுதுவதில்லை.

அடுத்த ஜனவரி 20 அன்று கம்ப்யூட்டர்காரர் வருடாந்திரச் சோதனைக்கு வந்தார். அந்த அம்மா வேலையில் இருந்தார். அச்சகத்துக்கு எழுதும் குறிப்புக் கோப்பைத் தொட்டார். விரிதாள் வந்து, "எதை வைத்துப் பிரிக்கட்டும்?" என்று கேட்டது. அதை மூடினார். வலது பொத்தானை அழுத்தி, வேறு செயலிகளின் வரிசையிலிருந்து எழுத்துத் திருத்தியைத் தேர்ந்து, அதில் திறந்தார்.

"மேடம், இது தப்பா இருக்கு. விரிதாளுக்குப் போயிருக்கு பாருங்க."

"தெரியும் தம்பி."

"ஒரே ஒரு டிக் போட்டா போதும். இனிமே நேரா திறக்கும். நகருங்க, நான் போட்டுடறேன்."

"வேண்டாம், இருக்கட்டும்."

"தினமும் ரெண்டு க்ளிக் வேஸ்ட் மேடம்."

"எனக்கு நேரம் இருக்கு தம்பி."

கம்ப்யூட்டர்காரர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும். ஜூலை 13, ஞாயிறு மாலை, மெக்கானிக் வைத்துவிட்டுப் போன கடைசிக் குறும்பு அது. மறுநாள் நகல் எடுத்தபோது அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. அதைத் திருப்பிப் போட ஆள் இல்லை, அந்த அம்மாவும் போடவில்லை.

கம்ப்யூட்டர்காரர் தோளைக் குலுக்கிக்கொண்டு, சோதனைத் தாளில் 'குறை ஏதும் இல்லை' என்று எழுதி நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

நான் ஓய்வு பெற்ற நாள் வரை அந்த அம்மா வந்துகொண்டிருந்தார். பதிவேட்டில் அவர் வந்த நேரம் மீண்டும் 9.15 ஆகவில்லை. ஒவ்வொரு நாளும் 9.00தான்.