முடிவுத் தேதி இல்லாத சம்மதம்

நீதிமன்றத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்குள் மேஜை போட்டு மனு அடித்துக் கொடுப்பவளை எல்லோரும் டைப் அக்கா என்பார்கள். பிள்ளையைக் காணோம் என்று வருகிறவர்களை முதலில் அழவிடுவாள். பிறகு கேட்பாள். என்ன வயசு. யார் பொறுப்பில் இருந்தது. கூட்டிப் போனது யார். உங்கள் சம்மதம் இருந்ததா. இதில் ஒன்று இடறினாலும் கடத்தல் வழக்கு நிற்காது. பிள்ளை இஷ்டப்பட்டுத்தான் போயிற்றாம் என்று தேம்பும் தகப்பன்களிடம், மைனரின் இஷ்டத்தைச் சட்டம் பார்க்காது, பெற்றவர் சம்மதத்தைத்தான் பார்க்கும் என்று தேற்றுவாள்.

அவள் மகளுக்கு எட்டு வயது. புருஷன் இறந்து மூன்று வருஷம். பத்து நாள் லீவுக்குக் குழந்தையை அழைத்துப்போக, பிள்ளையில்லாத நாத்தனார் வந்தாள். பிறத்தியார் குழந்தையோடு தாள் இல்லாமல் பயணம் போகக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற டைப் அக்கா, தொழில் பழக்கத்தில் கம்ப்யூட்டரில் கிடந்த மாதிரிக் கடிதத்தையே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். வெளிநாட்டு வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கான மாதிரி அது. 'என் மகளைத் தம்முடன் வைத்துப் பராமரிக்க முழுமனதுடன் சம்மதிக்கிறேன்.' திரும்பும் தேதிக்கு அதில் இடமே கிடையாது.

லீவு முடிந்து நாலு வாரம் ஆகிறது. அந்தத் தாளைக் காட்டி நாத்தனார் குழந்தையை அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டாள்.

டைப் அக்கா இன்னமும் கட்டிலின் ஓரத்தில்தான் படுக்கிறாள். மகள் படுக்கும் சுவர்ப்பக்கம் காலியாகக் கிடக்கிறது. பள்ளி மணி கேட்டால் விரல்கள் விசைப்பலகையில் நின்றுவிடுகின்றன.

புகார் கொடுக்கப் போனபோது ஸ்டேஷன் ஏட்டு சம்மதக் கடிதத்தின் நகலைப் படித்துவிட்டு, ஊர் ஓட்டையெல்லாம் அடைக்கிறவளுக்குத் தன் வீட்டு ஓட்டை தெரியலையா என்று கேலி செய்தார். பிறகு குரல் இறங்கியது.

"ஏமாத்திக் கையெழுத்து வாங்கினாங்கன்னு ஒரு வரி சேர்த்துக் குடும்மா. ஏமாத்தி வாங்கினது சம்மதமே இல்ல. நாளைக்கே ஆள் அனுப்பறேன்."

கடைக்குப் போய்ப் புகாரில் அந்த வரியை அடித்துச் சேர்த்தாள். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். நாத்தனார் புறப்பட்டபோது திருப்பி அனுப்பும் எண்ணத்தில்தான் இருந்தாள். குழந்தை வீட்டில் புழங்கிய பிறகுதான் மனசு மாறியிருக்கும். கையெழுத்துப் போடுமுன் போன் செய்தாள். மகள்தான் எடுத்தாள். அத்தை தலை வாரினால் வலிக்கவே இல்லை என்றாள். அம்மா கோர்ட்டுக்கு ஓடும் அவசரத்தில் பிய்த்தெடுப்பாளாம்.

"ஸ்கூல் விட்டு வந்தா இங்க பூட்டு இல்லம்மா. அத்தை இருக்காங்க."

பிறகு மகளே கேட்டாள்.

"நீ எப்போ வருவே?"

தான் எப்போது வீட்டுக்கு வருவோம் என்று குழந்தை கேட்கவில்லை.

புகாரைக் கிழித்துக் கூடையில் போட்டாள். சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக, அன்றைய தேதியிட்டு, இரண்டே வரியில் வேறொரு கடிதம் அடித்துப் பையில் வைத்தாள். இனி அவள் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தால் கேட்பாரில்லை. குழந்தை கையை உருவிக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கு எந்தப் பிரிவிலும் வழி இல்லை.

பேருந்து நிலைய ஜன்னலில் நாத்தனார் ஊருக்குப் போக ஒரு டிக்கெட் கேட்டாள். திரும்புவதற்கும் சேர்த்து எடுத்தால் குறையும், எத்தனை பேர் என்றான் உள்ளே இருந்தவன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிய பிறகுதான் பணத்தை நீட்டினாள்.

"திரும்ப ஒரு முழு, ஒரு அரை."

அரை டிக்கெட்டை மட்டும் தனியே பர்ஸின் உள்ளறையில் வைத்து மூடினாள்.