ஒரு சாணும் நாலு விரலும்

ஒலிமுகமதுபேட்டையில் ரேணுகாம்பாளை ஏமாற்றியவன் என்று பேர் எடுத்தவன் எவனும் கிடையாது. ஏமாற்ற நினைப்பவனை நினைக்கும்போதே பிடித்துவிடுவாள். நினைக்காதவனையும் சேர்த்துப் பிடித்துவிடுவாள் என்பதுதான் தெருக்காரர்களின் சங்கடம். பால்காரன் அவள் வீட்டுக்கு ஊற்றும்போது மட்டும் சொம்பை வெளிச்சத்தில் காட்டிக் காட்டி ஊற்றுவான். வரதர் கோயில் இட்லியைக் கையில் வாங்கினால்கூட, போன வருஷத்தைவிடக் கனம் குறைச்சல் என்பாள்.

“ஆயுசுல எவனையாவது நீ நம்பி இருக்கியா?” என்று அவள் புருஷன் வரதராஜன் ஒருநாள் கேட்டார்.

“உங்கள நம்பித்தான கழுத்த நீட்டினேன். அது ஒண்ணு போதாதா?” என்றாள்.

வரதராஜன் செருப்பைத் தேடினார். அவருக்குக் கட்சி ஆபீசில் வேலை இருந்தது. என்ன வேலை என்று அவருக்கே தெரியாது, ஆனால் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். வீட்டையும் வண்டியையும் நடத்தியது ரேணுகாம்பாள். யோசனை செய்யும்போது மடியில் முடிந்து வைத்திருக்கும் பச்சரிசியை நாலு நாலாக எடுத்து வாயில் போட்டு மெல்லுவாள். அவளுக்கு யோசனை ஓயாது என்பதால் அரிசியும் ஓயாது.

வண்டி என்றால், பட்டாளத்தில் ஓடிக் களைத்து ஏலத்துக்கு வந்த ஒரு பிக்கப். முசரவாக்கத்தில் அவளுக்குத் தாய்வீட்டார் கொடுத்த ஒன்றரைக் காணி நிலத்தை விற்று அதை வாங்கினாள். தாமலுக்கு மேற்கே உள்ள கிராமங்களிலிருந்து, அங்கே மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை மூட்டைகளை ஏற்றிக் காஞ்சிபுரத்து மண்டியில் இறக்குவது அதன் வேலை. நடைக்குப் பதினைந்து மூட்டை. வேறு வருமானம் கிடையாது, வேறு நிலமும் கிடையாது.

அப்போது அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். அறுபத்தாறாம் வருஷம் என்று நினைவு. ஜில்லா எல்லையைத் தாண்டி அரிசி வந்தால் அரிசியோடு வண்டியையும் பிடித்துக்கொள்வார்கள். பிடித்த வண்டி எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. கடலை மூட்டைக்கு அடியில் நாலு மூட்டை அரிசியைப் போட்டுக் கொண்டுவந்து வேண்டிய இடத்தில் தள்ளிவிடும் டிரைவர்களைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. தன் ஒன்றரைக் காணி இன்னொருத்தன் கையிலுள்ள சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருப்பதை நினைத்தால் ரேணுகாம்பாளுக்குச் சோறு இறங்காது.

டிரைவர் பெயர் வேணுகோபால். பிள்ளையார்பாளையத்தில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். முப்பது வயசு, அதிகம் பேசாதவன். தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறது என்று ஸ்டீரிங்கைப் பிடிக்க வந்தவன். நல்ல தறியை விட்டுவிட்டு ஒருத்தன் ஏன் வரவேண்டும் என்று அப்போதே அவளுக்கு உறுத்தியது. நாலு வருஷமாக உறுத்திக்கொண்டே இருந்தது.

அவனிடம் எத்தனை மூட்டை என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால், பொய் சொல்ல ஒரு வழியை நாமே திறந்துவிட்டது போலாகும். அதற்குப் பதிலாக அவள் அளந்தாள். மண்டிக்குப் போகும் முன் வண்டி வீட்டு வாசலில் நிற்கவேண்டும் என்பது சட்டம். அவன் இறங்கிச் சொம்புத் தண்ணீரைக் குடிப்பான். அவள் பின்பக்கம் போய், டயரின் தலைக்கும் மேலே இருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விரித்து வைப்பாள். காலி வண்டி என்றால் ஒரு சாணும் நாலு விரலும். பதினைந்து மூட்டை ஏறினால் நாலு விரலும் போய்ச் சரியாக ஒரு சாண். அதற்குக் கீழே போனால் ஏதோ கூட ஏறியிருக்கிறது.

இந்த அளவு முதலில் இவ்வளவு துல்லியமாக இல்லை. பின்சக்கரத்துக்கு மேலே வில்லாய் வளைத்து, ஒன்றன்மேல் ஒன்றாய் இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருப்பார்களே, அந்தக் கமான் நல்ல விறைப்பாக இருந்தது. நாலு மூட்டை கூடப் போட்டாலும் அரை விரல்தான் இறங்கும். அரை விரலை நம்பி அவள் எப்படித் தூங்குவாள்? வேணுகோபால் வேலைக்குச் சேர்ந்த மறுமாசம், அவன் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில், கமான் கட்டும் குப்புசாமியின் ஷெட்டுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்துக்கு ஒரு பட்டையை உருவச் சொல்லிவிட்டாள். “வேணாம்மா” என்று அவர் எவ்வளவோ சொன்னார். கேட்கவில்லை. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றும் வாக்கு வாங்கிக்கொண்டாள். உருவிய இரண்டு பட்டைகளும் கோழிக்கூட்டு வாசலுக்கு முட்டுக்கொடுக்கப் பயன்பட்டன. அதற்குப் பிறகு நாலு மூட்டைக்கு ஒரு விரல் இறங்கியது. வண்டி இப்போதுதான் உண்மை பேசுகிறது என்று அவளுக்குத் திருப்தி.

அந்த வருஷம் தை பிறந்து பத்து நாள் இருக்கும். ஒரு சாயங்காலம் கையை வைத்தாள். சாண் நுழையவில்லை. ஒரு விரல் இடித்தது. மறுநாளும் இடித்தது. அன்றைக்கு மண்டியிலிருந்து திரும்பிய வண்டிக்குள் ஏறி, பலகை இடுக்கெல்லாம் விளக்குமாற்றால் கிளறினாள். கடலைத் தோலுக்கு நடுவே மூன்று அரிசி கிடைத்தது. மூன்றையும் உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்து நாலு அரிசியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு யோசித்தாள்.

அதற்கு மூன்றாம் நாள் வேணுகோபால் வந்து நின்றான்.

“பின்னாடி கமான் தொய்ஞ்சி போச்சிமா. கனமா ரெண்டு பட்டை ஏத்தணும்.”

“ஏன்பா, நாலு வருஷமா ஓடிக்கினுதான இருக்குது?”

“ஓடுது. தாமல் ஏரிக்கரைமேல வரச்சொல்ல பின்னாடி அடிக்குதுமா.”

“பாக்கலாம்” என்றாள். அவன் போனதும் நேராகக் குப்புசாமியின் ஷெட்டுக்கு நடந்தாள். அவர் இன்னொரு செய்தி வைத்திருந்தார். வேணுகோபால் ஏற்கெனவே வந்துபோயிருக்கிறான். முதலாளியம்மா ஒத்துக்கொள்ளாவிட்டால் தன் கைக்காசிலேயே போட்டுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான்.

ரேணுகாம்பாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடுத்தவர் வண்டிக்கு எந்த டிரைவர் தன் காசைப் போட்டுக் கமான் கட்டுவான்? கமான் விறைப்பாகிவிட்டால் இருபது மூட்டை ஏற்றினாலும் வண்டி பதினைந்து என்றுதான் காட்டும். அவளையும் ஏமாற்றலாம், செக்போஸ்ட்டையும் ஏமாற்றலாம். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாலு வருஷமாகச் சந்தேகப்பட்டவள்தான், ஆனால் அது நிஜமாகிவிட்டது என்று தோன்றியபோது மடியிலிருந்து அரிசி எடுக்கக்கூட மறந்துவிட்டாள். உள்ளுக்குள் அவள் அவனைக் கொஞ்சம் நம்பியிருந்தாள் போல.

மறுநாள் காலை வண்டி கிளம்பும்போது முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். “நானும் வரேன்” என்றாள். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு. வேணுகோபால் ஏன் என்று கேட்கவில்லை. அதுவும் சரியாகப் படவில்லை.

களத்தில் மூட்டைகள் ஏறின. அவளே வண்டிமேல் ஏறி நின்று எண்ணினாள். ஒவ்வொரு மூட்டையிலும் குத்தூசியை விட்டுப் பார்த்தாள். இடையிடையே அரிசி மென்றாள். பதினைந்து மூட்டை. பதினைந்திலும் கடலை. இன்று நான் வந்ததால் அரிசி வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

செக்போஸ்ட்டில் கை காட்டி நிறுத்தினார்கள். கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் வண்டியைச் சுற்றி வந்தார். பின்பக்கம் குனிந்தார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விரித்து வைத்தார்.

“இவ்ளோ தொங்குதே, அடியில என்ன?”

“மல்லாட்டைதான் சார், பதினஞ்சு மூட்டை” என்றான் வேணுகோபால்.

“பதினஞ்சு மூட்டைக்கா இந்தத் தொங்கல்? எறக்கு எல்லாத்தையும்.”

ரேணுகாம்பாளுக்கு முகம் சுருங்கிப்போனது. அவளுடைய அளவு, அவளுடைய சாண், அவளுடைய கேள்வி. அதை இன்னொருத்தர் அவள் வண்டியில் வைத்துப் பார்க்கும்போதுதான் அது எப்படிப்பட்ட அவமானம் என்று தெரிந்தது. வெயிலில் பதினைந்து மூட்டையும் இறங்கின. போவோர் வருவோரெல்லாம் நின்று பார்த்தார்கள். அதிகாரி காலி வண்டிக்குள் ஏறிப் பலகை இடுக்கில் எதையோ பொறுக்கினார். இறங்கி வந்து உள்ளங்கையைக் காட்டினார். ஏழெட்டு அரிசி.

“இது என்ன, மல்லாட்டையா? வண்டிய ஓரம் கட்டு.”

அவளுடைய ஒன்றரைக் காணியும் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. ஆத்திரத்தோடு வேணுகோபாலைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்தான். கை தன் பாட்டுக்கு மடி முடிச்சுக்குப் போய் அரிசியைத் துழாவிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தாள். காலடியில் இரண்டு அரிசி உதிர்ந்து கிடந்தது. அன்றைக்கு விளக்குமாற்றில் அகப்பட்ட மூன்றும் எங்கேயிருந்து வந்தன என்று அப்போது புரிந்தது.

முடிச்சை அவிழ்த்து நீட்டினாள். “நான் கடத்தற அரிசி இதான் சார். மெல்லற பழக்கம்” என்று சொல்லி, நாலை எடுத்து வாயில் போட்டுக் காட்டினாள். அதிகாரி அவளையும் மடியையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ஏத்திக்கினு போங்க” என்றார். மூட்டைகளை ஏற்ற ஆள் இல்லை. ஒரு முனையை அவன் பிடித்தான், மறுமுனையை அவள் பிடித்தாள்.

தாமல் ஏரிக்கரையில் வண்டி ஏறியபோது வெயில் சாய்ந்திருந்தது. ஒருபக்கம் ததும்பத் ததும்பத் தண்ணீர், மறுபக்கம் பள்ளம். முதல் குழியிலேயே பின்னால் இரும்பும் இரும்பும் மோதி, அவள் முதுகெலும்பில் அடித்தது. இரண்டாவது குழியில் வண்டியின் பின்பாகம் தண்ணீர்ப் பக்கமாக நழுவி ஆடியது. “தேவுடா” என்று முனகிக்கொண்டே அவன் ஸ்டீரிங்கை ஒடித்துப் பிடித்தான். அவன் கை நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டிருந்தன. அவள் கதவுக் கம்பியைப் பிடித்த பிடியைக் கரை முடிகிறவரை விடவில்லை.

“தினமும் இப்படியா?” என்றாள், சமதரைக்கு வந்தபிறகு.

“பொங்கலுக்கு அப்புறம் ஜாஸ்தி. கமான் மொத்தமா அசந்துபோச்சி.”

“அதுக்கு உன் காச போடுவியா?”

“வண்டி உங்களுதுமா. உசுரு என்னுது.”

கொஞ்ச தூரம் போனதும், “பக்கத்துக்கு ஒரு பட்டைய நான்தான்பா எடுக்கச் சொன்னேன்” என்றாள். சொல்லும்போது குரல் தாழ்ந்துவிட்டது.

“தெரியும். உங்க கோழிக்கூட்டு வாசல்ல தினமும்தான் பாத்துக்கினு இருக்கறேன்.”

“தெரிஞ்சும் ஏன்பா கேக்கல?”

“கேட்டா, எதையோ மறைக்கத்தான் கேக்கறான்னு நெனச்சிருப்பீங்க.”

அவளுக்கு அழுகை வந்தது. வந்தது வந்தபடி அழுதாள். வேணுகோபால் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் இருவரும் ஷெட்டில் இருந்தார்கள். குப்புசாமி மூன்று வகையைத் தரையில் பரப்பினார். பழைய இரண்டு பட்டையைத் திருப்பிப் போட்டால் வண்டி பழைய வண்டியாகும், தாமல் கரைக்கு அது பத்தாது என்றார். லாரிப் பட்டையை வெட்டிப் போட்டால் விறைப்பு அதிகம், காலியாக வரும்போது வண்டி குதித்துக் குதித்து அடிச்சட்டமே விட்டுப்போகும். மெட்ராசிலிருந்து வந்த கனப்பட்டை நடுத்தரம், பக்கத்துக்கு ரெண்டு போட்டால் சரியாக இருக்கும்.

“கனப்பட்டையே இருக்கட்டும்” என்றாள் ரேணுகாம்பாள். அதோடு விட்டுவிடுவாளா? ஒரு கருங்கல்லை எடுத்து நாலு பட்டையையும் தொங்கவிட்டுத் தட்டினாள். மூன்று கணீர் என்றன. நாலாவது சொத்தென்றது. குப்புசாமி அதை வாங்கி மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். நடுத்துளைக்குப் பக்கத்தில் முடி மாதிரி ஒரு விரிசல்.

“எனக்கே தெரியலமா” என்றார் கூசிப்போய். வேறு எடுத்துக் கொடுத்தார்.

வேணுகோபால் அந்த விரிசலை விரலால் தடவிப் பார்த்தான். அந்தப் பட்டை கரைமேல் முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனுக்குச் சொல்லவேண்டியதில்லை. “மீதி மூணையும் இன்னொரு தபா தட்டுங்கமா” என்றான். தட்டினாள்.

அடுத்த நடை முடிந்து வண்டி வழக்கம்போல் வாசலில் நின்றது. அவன் இறங்கிச் சொம்பை வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் பின்பக்கம் போனாள். கை தானாக விரிந்து டயரின் மேல் உட்கார்ந்தது. சாணுக்குமேல் மூன்று விரல் நின்றது. பதினைந்தோ பதினெட்டோ, இனிமேல் இந்தக் கைக்குத் தெரியாது. தான் தட்டிப் பார்த்து எடுத்த பட்டை. கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“எத்தினி மூட்டைப்பா?” என்றாள்.

வேணுகோபால் குடித்துக்கொண்டிருந்த சொம்பைக் கீழே இறக்கினான். நாலு வருஷத்தில் அவள் அதை அவனிடம் கேட்பது அதுதான் முதல் தடவை.

“பதினஞ்சுமா.”

“சரி, போ” என்றாள்.